நிற்பதற்கு எதற்கு நிலைப்பாடு?

அக்கா மகள் சேலத்தில் குத்துச்சண்டை பழகப் போகிறாள். ஏழாவது படிக்கிறாள். சேர்ந்த முதல் வாரமே கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் முதல் வரி: "உங்கள் நிலைப்பாட்டை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்." அவள் என்னிடம் வந்து, "மாமா, நிலைப்பாடுங்கறது கட்சிக்காரங்க சொல்றதுதானே? அதை எப்படி அகலமா வைக்கிறது?" என்றாள். களத்தில் காலூன்றி நிற்கும் விதத்தை ஆங்கிலத்தில் ஸ்டேன்ஸ் (stance) என்பார்கள். அதற்கு இந்தச் சொல்லை யூடியூப் எழுத்துரையிலும் விளையாட்டுச் செய்தியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

ஸ்டேன்ஸ், இத்தாலிய 'ஸ்டான்சா' வழியாக வந்த சொல். வேர், 'நில்' என்று பொருள்படும் இலத்தீன் வினை. ஆங்கிலக்காரர்களுக்குக் காலூன்றி நிற்பதும் ஸ்டேன்ஸ்தான், ஒரு கருத்தில் ஊன்றி நிற்பதும் ஸ்டேன்ஸ்தான். தமிழ் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. காவிரிப் பிரச்சினையில் அரசுக்கு இருப்பது நிலைப்பாடு. களத்தில் நிற்பவருக்கு இருப்பது நிலை.

"நிலை பொதுச்சொல் ஆயிற்றே, உடல்நிலை, வானிலை என்று எல்லாவற்றுக்கும் வருகிறதே" என்பார்கள். வரட்டும். பழைய நிகண்டுகள் வில்லாளிக்கு நான்கு நிலை சொல்கின்றன: பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். பெயர்கள் வடமொழி. ஆனால் அவற்றுக்கு இனப்பெயர் நிலைதான். ஆலீடத்தில் ஒரு கால் முன்னே, பிரத்தியாலீடத்தில் மறுகால் முன்னே. குத்துச்சண்டைக்கு வேண்டிய பாகுபாடே இதுதான்! பரதம் பழகும் பிள்ளை அரைமண்டியில் நிற்கிறது. அதை யாரும் நிலைப்பாடு என்று சொன்னதில்லை.

'தோரணை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நிலைப்பாட்டைவிடத் தேவலாம், ஆனாலும் ஏற்க மாட்டேன். தோரணை என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் மிடுக்கு. ஸ்டேன்ஸில் இருப்பது எடை.

ஒரு மாலை அவளை அழைத்துவரப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு. அவள் இரண்டு பாதங்களையும் அந்தக் கோட்டின் மேலேயே முன்னும் பின்னுமாக வைத்திருந்தாள். பயிற்சியாளர் தோளில் இரண்டு விரலை வைத்துப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினார். சாய்ந்துவிட்டாள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு. முட்டிய லேசா மடக்கு. பின்குதிகாலத் தூக்கு. இப்ப நில்லு கண்ணு." மறுபடி தள்ளினார். அசையவில்லை. அதன் பிறகுதான் முகவாயைத் தாழ்த்துவது, முழங்கையை விலாவோடு ஒட்டுவது, முன்னே போக முன்கால் முதலில், பின்வாங்கப் பின்கால் முதலில் என்கிற பாடமெல்லாம். அவர் வாயில் வந்த சொல் 'நில்லு'. அதன் பெயர்ச்சொல் நிலை. தாள் எழுதியவர் இந்தத் தரையில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது.

அதே தாளில் ஆர்த்தடாக்ஸ் என்பதற்கு 'மரபுவழி நிலைப்பாடு' என்று இருக்கிறது. படித்தால் ஏதோ திருச்சபைத் தீர்மானம் போலத் தோன்றுகிறது. முகமது அலி நின்றதைப் போல இடக்காலை முன்வைத்து, வலுவான வலக்கையைப் பின்னே வைத்து நிற்பதுதான் அது. இன்னொரு குத்துச்சண்டை வீரரான மேனி பக்கியாவ் நிற்பதைப் போல மாற்றி, வலக்காலை முன்வைத்து நிற்பது சவுத்பா. அதற்குத் 'தெற்குப் பாத நிலைப்பாடு' என்று போட்டிருக்கிறார்கள்! அகராதியில் ஒவ்வொரு துண்டாகத் தேடி ஒட்டினால் இப்படித்தான் ஆகும். எந்தக் கால் முன்னே என்பதையே பெயராக்கலாம்: இடமுன் நிலை, வலமுன் நிலை. கேட்ட மாத்திரத்தில் பிள்ளைக்குக் கால் தானாக நகரும்.

அக்கா மகள் இடக்கைக்காரி. தாளில் சவுத்பா பகுதிதான் அவளுக்கானது. படித்தும் புரியாமல் மூன்று வாரம் இடக்காலை முன்வைத்தே பழகியிருக்கிறாள். நேற்று பேனா எடுத்துத் 'தெற்குப் பாத நிலைப்பாடு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'வலமுன் நிலை' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, கூடத்திலேயே வலக்காலை எடுத்து முன்னே வைத்தாள்.