'இங்கே அழுத்தவும்' எப்படி வேலை செய்கிறது?

1960-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வைக்க வேண்டும். என்ன சொன்னால் போவார்கள்? ஹோவர்ட் லெவென்தால் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இரண்டு விதமான கையேடுகளைத் தயாரித்தார்கள். ஒன்றில் நோயைப் பற்றி அமைதியான விளக்கம். மற்றதில் நோயாளிகளின் வண்ணப் படங்கள், வயிற்றைக் கலக்கும் வர்ணனைகள். இரண்டாவதைப் படித்தவர்கள் நிஜமாகவே அதிகம் பயந்தார்கள். ஊசி அவசியம் என்றும் அழுத்திச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் யார் யார் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, அதிகம் பயந்தவருக்கும் கொஞ்சம் பயந்தவருக்கும் வித்தியாசமே இல்லை.

வித்தியாசத்தைக் கொண்டுவந்தது ஒரு வரைபடம். சிலருக்கு மட்டும் வளாகத்தின் வரைபடத்தில் சுகாதார மையத்தைக் குறித்துக் கொடுத்து, ஊசி போடும் நேரத்தையும் சொல்லி, 'உங்கள் வாரத்தில் எப்போது போக முடியும் என்று பாருங்கள்' என்றும் கேட்டிருந்தார்கள். இவர்களில் சுமார் 28% பேர் போனார்கள். வரைபடம் கிடைக்காதவர்களில் போனது சுமார் 3% பேர்தான். இத்தனைக்கும் பெரும்பாலோர் இறுதியாண்டு மாணவர்கள். அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நோயைப் பற்றி எதுவும் சொல்லாமல் வழியை மட்டும் காட்டிய குழுவில் ஒருவர்கூடப் போகவில்லை.

விளம்பரத் துறையில் 'கால் டு ஆக்‌ஷன்' என்று சொல்லப்படும், 'இதைச் செய்யுங்கள்' என்று கேட்கும் கடைசி வரி செய்கிற வேலை இதுதான். ஆசையோ பயமோ முன்பே இருக்க வேண்டும். 'சரி, பார்க்கலாம்' என்று ஒத்திப்போட்டு வைத்திருப்பதை 'வியாழன் மதியம் போகிறேன்' என்று மாற்றுவது மட்டுமே அதன் பங்கு.

யேல் சோதனை சிறியது. அதனால் அந்த 28%-ஐப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. பின்னாளில் கேத்ரின் மில்க்மேன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் ஃப்ளூ தடுப்பூசியை வைத்து இதே போன்ற சோதனையைச் செய்து 2011-ல் வெளியிட்டார்கள். தடுப்பூசி முகாமின் நாளும் நேரமும் எல்லாருக்கும் அனுப்பிய கடிதத்திலேயே இருந்தன. சிலருடைய கடிதத்தில் மட்டும் 'எந்த நாள், எத்தனை மணிக்கு வருவீர்கள்?' என்று எழுதிக்கொள்ள ஒரு காலி இடம். அதை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்கள் 33%-லிருந்து 37% ஆனார்கள். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் செலவு என்று பார்த்தால் தாளில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

வலைத்தளப் பொத்தானிலும் கதை இதேதான். 2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் தேர்தல் பிரசாரத் தளத்தில் டான் சிரோக்கர் என்பவரின் குழு நான்கு பொத்தான் வாசகங்களையும் ஆறு படம் அல்லது வீடியோக்களையும் கலந்து 24 விதமான முகப்புகளைச் சோதித்தது. பழைய முகப்பில் வந்தவர்களில் 8.26% பேர் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பொருள் தரும் பொத்தானும் சேர்ந்த முகப்பில் அது 11.6% ஆனது. சோதனைக்கு முன்பு குழுவினருக்குப் பிடித்திருந்தது ஒரு வீடியோ. அது எல்லாப் படங்களுக்கும் பின்னால் போய் நின்றது!

8-க்கும் 11-க்கும் இடையே உள்ளது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஒரு முகப்பை 100 பேரிடம் காட்டினால் சராசரியாக 8 பேர் பதிவு செய்வார்கள். ஆனால் எதையும் மாற்றாமலேயே அது ஒருநாள் 5 ஆகும், மறுநாள் 11 ஆகும். இங்கே வந்தவர்கள் 3,10,382 பேர், அதாவது ஒரு முகப்புக்குச் சுமார் 13,000. அத்தனை பேரில் 8.26% என்பது 1,070 சொச்சம். தற்செயலால் அது முப்பது நாற்பது கூடலாம், குறையலாம், 1,500-ஐத் தொடாது. 'பொத்தானைச் சிவப்பாக்கினேன், விற்பனை கூடியது' என்று யாராவது சொன்னால், எத்தனை பேரிடம் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

'மேலும் அறிய' ஏன் ஜெயித்தது? எண்ணிக்கை காரணம் சொல்லாது. நாம் ஊகிக்கத்தான் முடியும். பழைய பொத்தானில் இருந்த 'பதிவு செய்' என்பது ஒரு வாக்குறுதியைக் கேட்கிறது. 'மேலும் அறிய' கேட்பது ஒரு எட்டு எடுத்து வைப்பதை மட்டும். ஜாரெட் ஸ்பூல் என்ற வடிவமைப்பு ஆலோசகர் சொல்லும் ஒரு கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு இணையக் கடையில் பணம் கட்டப் போகும் இடத்தில் 'பதிவு செய்' என்ற பொத்தான் குறுக்கே நின்றது. அதை எடுத்துவிட்டு, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்ற குறிப்போடு 'தொடரவும்' என்று வைத்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45% கூடினார்கள்.

வழியைச் சுருக்குவதற்குப் பதிலாக ஆளைப் பின்னாலிருந்து தள்ளுகிற வகையும் உண்டு. 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று ஓடாத சரக்குக்குப் பக்கத்தில் போடுவது, 'வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தத் தெரியாது' என்று மறுப்புப் பொத்தானில் எழுதி வெட்கப்பட வைப்பது. 2023 நவம்பரில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன; பொய்யான அவசரம் அதில் ஒன்று.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. 'பதிவு செய்' என்றால் பெரியவரை ஒருமையில் அதட்டுவதுபோல் இருக்கிறது. 'செய்யவும்' என்றால் 'காலணிகளை வெளியே விடவும்' பலகையின் குரல் வந்துவிடுகிறது. 'செய்யுங்கள்' மரியாதையானது, ஆனால் சின்னத் திரையில் பொத்தானை விட்டு வெளியே வழிகிறது. 'சமர்ப்பி' என்பதைப் பார்த்தாலோ எனக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுவோடு நிற்கிற ஞாபகம்தான். வினைச்சொல்லை விட்டுவிட்டு, அழுத்தினால் என்ன கிடைக்கும் என்று எழுதுவது பல நேரம் எளிது: 'என் ரசீது', 'இன்றைய விலை'.

நம் துண்டறிக்கைகள் மட்டும் இன்னும் யேலின் முதல் கையேட்டிலேயே நிற்கின்றன. கண் மருத்துவ முகாமைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, 'அனைவரும் கலந்துகொண்டு பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிப்போம். அந்த இடத்தில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஞாயிறு காலை 9 முதல் 1 வரை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பள்ளி. பழைய கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள்? ______'