விமான ரிக்கெற்றின் விலையை வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்: வன்னிப் பயணிகளுக்கு

ரிக்கெற் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் கைபேசித் திரையில் கண்ட தொகையை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ இருப்பவருக்கு அது பாதிக் கணக்குத்தான். கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அதிகாலை 3 மணிக்கு விமானம் என்றால் நள்ளிரவில் அங்கே நிற்க வேண்டும். யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. தனி வான்தான் பிடிக்க வேண்டும். காலை 8 மணிக்குப் பிறகு புறப்படும் விமானம் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, விடியமுன் கட்டுநாயக்கவில் இறங்கிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு மொத்தச் செலவு அப்போது குறைகிறது. நான்கு பேர் ஒன்றாகப் போனால் வான் வாடகை பங்கிடப்படுவதால் கணக்கு மாறும்.

இந்தியாவுக்கு என்றால் முதலில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தைப் பாருங்கள். சென்னைச் சேவையோடு, 2025 மார்ச் 30 முதல் திருச்சிக்கும் இந்திய விமான நிறுவனமான இண்டிகோ பறக்கத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு இரண்டு மணித்தியாலம் போதும். ஆனால் இங்கே ஓடுவது 78 இருக்கைகள் கொண்ட ஏரிஆர் 72 வகைச் சிறிய விமானம். மலிவு இருக்கைகள் சில மட்டுமே இருக்கும், விரைவில் தீர்ந்துவிடும். திருவிழா, பள்ளி விடுமுறைக் காலம் என்றால் திகதி உறுதியானவுடனேயே எடுத்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரவில் வாங்கினால் மலிவு என்ற பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்தே விற்கிறார்கள். கீழ்ப் படி தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உதாரணத்துக்கு 60,000 ரூபாய்ப் படியில் இரண்டு இருக்கைகளே மீதம், அடுத்த படி 72,000 என்று வையுங்கள். நான்கு பேருக்குத் தேடினால் நான்கையும் 72,000 படியில் காட்டி 288,000 கேட்கும். இரண்டு இரண்டாக எடுத்தால் 264,000. எனவே முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். பிரித்து எடுக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நேரம் மாறினால் இரண்டு பதிவையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்குத் திரும்பி வரும் நாளில் 2 வயது நிறைந்திருந்தால் அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை வேண்டும்.

அதிகம் பணம் கரைவது பெயரில். தகப்பன் பெயரை முன்னால் எழுதும் நம் வழக்கத்தால், கூப்பிடும் பெயரை ஒருவர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரிகள் உண்டு. மேல் வரியில், நாட்டுக் குறியீட்டுக்குப் பின் இரட்டைக் குறி வரும்வரை இருப்பது குடும்பப் பெயர். அதன் பின் வருவது மற்றப் பெயர்கள். அதைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் பதியுங்கள். ஓரெழுத்துத் திருத்தத்தைச் சில நிறுவனங்கள் செய்து தரும். ஆளையே மாற்றுவதுபோல் தெரிந்தால் மறுத்துவிடும், புது ரிக்கெற்தான் வழி.

மலிவு என்று பலாலி–சென்னை ஒரு ரிக்கெற், சென்னை–டுபாய் இன்னொன்று என்று எடுப்பவர்கள் கவனியுங்கள். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மீண்டும் கொடுக்க நேரும். அதற்கு இந்திய வீசா வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஐரோப்பிய வழியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது: இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரிடம் பிராங்பேர்ட் போன்ற ஷெங்கன் (ஒரே வீசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே இடைவழி வீசா கேட்கப்படும். செல்லுபடியான கனடா அல்லது அமெரிக்க வீசா உள்ளவருக்கு விலக்கு உண்டு.

திகதியையும் இரண்டு தடவை பாருங்கள். 15ஆம் திகதி 00.40 என்றால் வீட்டிலிருந்து புறப்படுவது 14ஆம் திகதி. 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் முதல் இரவே போயிருக்கும். போகும் பயணத்தைத் தவறவிட்டால், திரும்பி வரும் பயணமும் தானாகவே இரத்தாவது வழக்கம்.

ஏஜென்சியில் பணம் கட்டியதும் ஆறு எழுத்துப் பதிவுக் குறியீட்டோடு திரும்பாதீர்கள். அது இருக்கையைப் பிடித்துவைத்ததற்கு மட்டுமே அடையாளம். பெரிய விமான நிறுவனங்களில் ரிக்கெற் வழங்கப்பட்டதற்கு 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிவைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டு உறவினர் தன் அட்டையில் வாங்கித் தந்தால், இரத்தாகும்போது பணம் அந்த அட்டைக்கே திரும்பும். சில நிறுவனங்கள் விமான நிலையத்தில் அட்டையைக் காட்டச் சொல்லும் என்பதால், அந்த நிபந்தனை இருக்கிறதா என்று வாங்கமுன்பே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.