மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் எலும்பையும் கவனியுங்கள்: செரட்டோனின் செய்யும் வேலை

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவரும், ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் எலும்பைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகே அந்தப் பேச்சு வருகிறது. முன்கூட்டியே பார்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய முறிவுகள் இவற்றில் பல.

இந்த மாத்திரைகளில் பல, நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மீது வேலை செய்கின்றன. உடலில் உள்ள செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் உருவாகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான் அதன் மூலப்பொருள். குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் செரட்டோனினைத் தட்டணுக்கள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே எலும்பைப் பொறுத்தவரை இவை இரண்டும் வெவ்வேறு கணக்கு.

மூளையில் உள்ள செரட்டோனின், பரபரப்பின்போது உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டால் எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களின் வேலை குறையும், எலும்பைக் கரைக்கும் செல்கள் பெருகும். அதனால் மூளை செரட்டோனின் எலும்புக்கு நன்மை செய்கிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. குடல் செரட்டோனின் எலும்பு உருவாக்கத்தைத் தடுக்கிறது என்று, எல்ஆர்பி5 என்ற மரபணுவை ஆராய்ந்த ஒரு குழு 2008இல் வெளியிட்டது. 2011இல் வேறொரு குழு அதே மரபணுவை ஆராய்ந்து அதற்கு மாறான முடிவுக்கு வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. ரத்தத்தில் செரட்டோனின் அளவைப் பரிசோதித்து எலும்பின் நிலையைக் கணிக்க முடியாது. அந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

மருந்தின் விஷயம் இதைவிடத் தெளிவு. ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், பராக்செட்டின் போன்றவை எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள். நரம்புச் செல் செரட்டோனினைத் திரும்ப உள்ளிழுக்கும் வாயிலை இவை அடைக்கின்றன. அதே வாயில் எலும்புச் செல்களிலும் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கனடாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், தினமும் இவற்றை எடுத்தவர்களுக்கு எளிதில் நேரும் எலும்பு முறிவு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. ஆனால் மனச்சோர்வே எலும்பைக் கெடுக்கும்: கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுகிறது, பசி குறைகிறது, நடமாட்டம் நின்றுபோகிறது. பழியை முழுவதும் மாத்திரை மேல் போடுவது சரியல்ல.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: விழுதல். இம்மாத்திரைகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். தையசைடு வகை நீர்மாத்திரையும் சேர்ந்தால் அபாயம் கூடும். தள்ளாட்டம், குழப்பம், காரணமில்லாத சோர்வு இருந்தால் உடனே சோடியம் பாருங்கள். 135க்குக் கீழே போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

பயந்துபோய் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். பராக்செட்டினில் இது அதிகம். நோயும் திரும்பலாம். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் படிகளில் மட்டுமே.

மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், முன்பு லேசான விழுதலில் எலும்பு முறிந்தவர்கள் ஆகியோர் இந்த மாத்திரையும் எடுத்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர், உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினருடையதோடு ஒப்பிடும் எண். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை. கூடவே வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளும் தேவைப்படும். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் போதும். மாத்திரையாக எடுத்தால் ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500தான் என்பதால் அட்டையைக் கவனமாகப் படியுங்கள். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட் வகை பொருந்தும்.

செரட்டோனினைக் கூட்டும் என்று விற்கப்படும் 5-எச்டிபி மாத்திரைகளை எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்க்கவே கூடாது. காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குப் போகலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். முந்தைய அளவைவிட 2 செ.மீ.யோ, இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ.யோ குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு முறிவுகளில் பல சத்தமில்லாமல்தான் நேர்கின்றன.