பழைய ஸ்காட்லாந்து வீடுகளில் பாதிச் சுவர்கள் செய்த வேலை

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியில், வீட்டுக்குள்ளும் தொழுவத்துக்குள்ளும் நிற்கும் தடுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வாசலுக்கும் கணப்புக்கும் நடுவே நிற்பது ஹாலன். லாயத்தில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே நிற்பது ட்ரெவிஸ். உலர்புல்லைப் பிடித்து வைக்கும் சட்டம் ஹெக். மாடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் க்ரிப். பெரும்பாலும் இவற்றில் எதுவும் ஓர் இடத்தை முழுதாக அடைப்பதில்லை. ஒன்று மேலே திறந்திருக்கும், இன்னொன்று பின்னால் தாழ்ந்திருக்கும், மற்றொன்றில் இடைவெளிகள் இருக்கும். மரமும் காசும் பற்றாததால் அரைகுறையாக விட்டார்கள் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது, எதைப் போகவிடுகிறது என்று பார்த்தால் அந்தத் திறப்புகளுக்கும் வேலை இருப்பது தெரியும்.

முதலில் ஹாலன். 18ஆம் நூற்றாண்டின் சாதாரண உழவர் வீடு நீளமான ஒரே கூரையின் கீழ் இருந்தது. ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடுகள், பல வீடுகளில் இருவருக்கும் ஒரே வாசல். நெருப்பு தரையில் எரிந்தது. புகை கூரையில் இருந்த ஓட்டை வழியாகப் போனது. அந்த ஓட்டையை நெருப்புக்கு நேர் மேலே வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பது வழக்கம், மழை நெருப்பில் விழாமல் இருக்க.

சூடான காற்று மேலே ஏறி ஓட்டை வழியாக வெளியேறினால், அதே அளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அது வாசல் வழியாகத்தான் வரும். குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம் என்பதால் தரையை ஒட்டியே வரும். எவ்வளவு வேகத்தில்? வாசலுக்கும் கூரை ஓட்டைக்கும் 3 மீட்டர் உயர வித்தியாசம், உள்ளே வெளியைவிட 10 டிகிரி அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்த வேறுபாடு ஒரு பாஸ்கலைச் சற்றுத் தாண்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த அழுத்தமே காற்றை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓட்டப் போதும். உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலில் நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் குளிர்காற்று பட்டாலே உடம்பு அதை உணரும். வெளியே புயல் வீசாத இரவிலும், நெருப்பே குளிரை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

வாசலை இறுக்கமாக மூடிவிட்டால் புகை வெளியேறாது. திறந்து வைத்தால் கால் விறைக்கும். இந்த இக்கட்டுக்குத் தீர்வுதான் ஹாலன். வாசலை ஒட்டிய சுவரிலிருந்து அறைக்குள் நீண்டு, நெருப்பருகில் உட்காருபவர்களை மறைத்து, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். நேராகப் பாயும் காற்று இதில் மோதி வேகம் குறையும். பிறகு விளிம்பைச் சுற்றிக்கொண்டு, பரவி, மெதுவாக நெருப்புக்கு வந்து சேரும். நெருப்புக்குத் தேவையான காற்று கிடைத்துவிடுகிறது, அதன் வேகம் மட்டும் உடைந்துபோகிறது.

ஹாலனை மரச்சட்டத்தில் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிக் கட்டினார்கள். களிமண் காயும்போது சுருங்கும், விரிசல் விடும். உள்ளே இருக்கும் வைக்கோல் இழைகள் அந்த விரிசல் பெரிதாகாமல் இழுத்துப் பிடிக்கும். அதைவிட முக்கியமானது வெப்பம். திறந்த நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு கூரைக்குப் போய்விடுகிறது. கதிர்வீச்சாக நேர்கோட்டில் வரும் பங்குதான் மனிதருக்கு உதவும். அதைக் காற்று அடித்துக்கொண்டு போக முடியாது. நெருப்பைப் பார்த்து நிற்கும் களிமண் சுவர் அந்தக் கதிர்களை வாங்கி மெல்லச் சூடேறும், நெருப்பு தணிந்த பிறகும் கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுக்கும். ஆகவே ஹாலனுக்கும் நெருப்புக்கும் நடுவே உள்ள இருக்கைதான் வீட்டிலேயே நல்ல இடம்.

ஹாலனுக்கு வெளிப்பக்கம் வாசலோரமாக நிற்பவர்களுக்கும் ஒரு பெயர் இருந்தது: ஹாலன்‑ஷேக்கர். ஊர் சுற்றும் பிச்சைக்காரர் என்று பொருள். மழைக்கு ஒதுங்க அவருக்கு இடம் உண்டு, நெருப்பருகே வர உரிமை இல்லை. காற்றை நிறுத்திய அதே தடுப்பு மனிதர்களையும் தரம் பிரித்திருக்கிறது. இது எனக்கு வருத்தம் தரும் விவரம், ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை.

புகை விஷயத்திலும் இதே கணக்குதான். கூரை ஓட்டை உள்ள அறையில் மேலே சூடான புகைப் படலம், கீழே சுத்தமான குளிர்காற்று என்று இரண்டு அடுக்குகள் உருவாகும். நின்றால் கண் எரியும், உட்கார்ந்தால் தேவலாம். க்ரீப்பி என்ற குட்டையான முக்காலி அந்த வீடுகளில் பரவலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்க்னி தீவுகளில் ஓட்ஸ் வைக்கோலைப் பின்னி உயரமான முதுகும், சிலவற்றில் தலைக்கு மேல் கூடாரமும் வைத்து நாற்காலி செய்தார்கள். முதுகுப் பக்கம் வரும் காற்றை அது தடுக்கும், முகம் நெருப்பைப் பார்க்கும். கையில் தூக்கிப் போகக்கூடிய ஹாலன் என்றே அதைச் சொல்லலாம்.

அப்புறம் மாடுகள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுப்பில், ஏழை உழவர் குடும்பம் ஒன்று சனிக்கிழமை இரவு சாப்பிட உட்காரும் காட்சி வருகிறது. அவர்களுடைய ஒரே பசு ஹாலனுக்கு அந்தப் பக்கம் சுகமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பர்ன்ஸுக்கு அது கற்பனை அல்ல. அவர் 1759இல் பிறந்த ஆலோவே வீட்டிலும் தொழுவம் அதே கூரையின் கீழ்தான் இருந்தது.

அசைபோடும் பசு ஓயாமல் வெப்பம் வெளியிடும். அதன் வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கவைப்பதும் ஒரு காரணம். இன்றைய பெரிய கறவை மாடு ஆயிரம் வாட்டுக்கு மேல் தரும். அந்தக் கால ஸ்காட்லாந்து மாடு சிறியது. 300 கிலோ என்று வைத்தால் சுமார் 500 வாட் வரும், அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்குச் சமம். தடுப்பு கூரை வரை எழாத வீட்டில் இந்த வெப்பத்தில் ஒரு பகுதி மனிதர்கள் பக்கம் வரும். ஆனால் ஈரமும் அம்மோனியாவும் கூடவே வரும்.

அம்மோனியாவைக் குறைப்பது க்ரிப்பின் வேலை. மாட்டின் சிறுநீரில் யூரியா இருக்கிறது, சாணத்தில் உள்ள பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரண்டும் கலந்தால்தான் அம்மோனியா வேகமாகக் கிளம்பும். தரையைச் சற்றுச் சரிவாக அமைத்துச் சிறுநீரை உடனே ஓடவிட்டால் நெடி குறையும். அதற்கு மாடு நிற்கும் இடத்தின் நீளம் சரியாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் சாணம் படுக்கையிலேயே விழும், குறைந்தால் பின்னங்கால் கால்வாய்க்குள் இறங்கும். இன்றைய பால் பண்ணைகளில் இரும்புக் குழாய் தடுப்புகளை அமைப்பவர்களும் இதே நீளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கூடவே, மாடுகளுக்கு நடுவே வரும் குட்டைத் தடுப்பு, பக்கத்தில் படுத்திருக்கும் பசுவின் மடியை இன்னொன்று மிதிக்காமல் காக்கும்.

குதிரைக்கு ட்ரெவிஸ் வேறு மாதிரி இருக்க வேண்டியிருந்தது. தலைப் பக்கம் உயரம், பின்பக்கம் போகப்போகத் தாழ்ந்து ஒரு தூணில் முடியும். உயர்ந்த பகுதி, பக்கத்துக் குதிரை கடிப்பதையும் தீவனத்தைத் திருடுவதையும் தடுக்கும். தாழ்ந்த பகுதி உதையைத் தாங்கப் போதும், ஆளும் எளிதாக உள்ளே போய்வரலாம். குதிரை நின்றபடியே தூங்கும், உண்மைதான். கால்களில் உள்ள தசைநார் அமைப்பு மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும். ஆனால் கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். அதனால் இரண்டு ட்ரெவிஸுக்கு நடுவே படுத்து எழ இடம் வேண்டும், குறுகினால் குதிரை மாட்டிக்கொள்ளும். கிளைட்ஸ்டேல் போன்ற 800 கிலோ குதிரை அப்படிச் சிக்கிக்கொண்டால் தூக்கிவிடுவது பெரும்பாடு. இன்னொன்றும் உண்டு. குதிரை கூட்டத்தில் வாழும் விலங்கு. நாலாபுறமும் முழுச் சுவர் வைத்துத் துணையே தெரியாமல் அடைத்தால் அது அமைதியிழக்கும்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், மரம் அரிதான கேத்னெஸிலும் ஆர்க்னியிலும் பலகைக்குப் பதில் கல்லையே பலகையாக நிறுத்தினார்கள். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் அடியில் மெல்லிய அடுக்குகளாகப் படிந்த வண்டலும் மணலும் இறுகி, அடுக்கு அடுக்காகப் பிளக்கும் பாறையாயின. ஆப்பு வைத்துத் தட்டினால் சில அங்குலத் தடிமனில் அகலமான பலகைக்கற்கள் கிடைக்கும். அவற்றைச் செங்குத்தாக நட்டால் தொழுவத் தடுப்பு தயார். அழுகாது, சாண ஈரத்தை உறிஞ்சாது, கழுவி விடலாம். ரவுசே தீவில் உள்ள மிட்ஹோ என்ற 5,000 ஆண்டுப் பழமையான கல்லறையிலும் இதே பாணியில் நட்ட கற்கள் 23 மீட்டர் நீள அறையை 12 பகுதிகளாகப் பிரிக்கின்றன. தொழுவம் போலவே இருந்ததால் தொல்லியலாளர்கள் இவ்வகைக் கல்லறைகளுக்குத் தொழுவத்தை வைத்தே பெயரிட்டார்கள். ஆனால் அங்கே கிடைத்தவை மனித எலும்புகள்.

19ஆம் நூற்றாண்டில் சுவரோடு சேர்ந்த புகைபோக்கி பரவியதும் ஹாலனின் தேவை குறைந்தது. மாட்டையும் மனிதரையும் முழுச் சுவரால் பிரிக்கச் சொல்லிச் சுகாதார அதிகாரிகளும் வற்புறுத்தினார்கள். காசநோய் பரவிய காலத்தில் அது நியாயமான வற்புறுத்தல்தான். இந்த அமைப்பை இன்று நேரில் பார்க்க விரும்பினால் கேத்னெஸில் டன்பீத் அருகே லெய்ட்ஹே போகலாம். வீடு, தொழுவம், லாயம் மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் அருங்காட்சியகமாக இருக்கின்றன.