சண்டையே போடாத 'சண்டைக் கலைஞர்'

போன வாரம் ஒரு திரைவிழாக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1975இல் வந்த 'பெர் சுர் லா வில்' என்ற பிரெஞ்சுப் படத்திலிருந்து ஒரு புகைப்படம் போட்டிருந்தார்கள். பாரிஸ் மெட்ரோ ரயிலின் கூரைமேல் ஒரு மனிதர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே தமிழில்: "சண்டைக் காட்சியில் ழான்-போல் பெல்மோந்தோ." படத்தில் இருப்பது அவரும் ரயிலும்தான். யாரோடு சண்டை?

சரி, ஏதோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று பக்கத்தைத் திருப்பினால், "சண்டைக் கலைஞர்களின் உதவியின்றி நடித்த சண்டைக் கலைஞர்" என்று இன்னொரு வரி. ஆபத்தான வித்தைகளைத் தானே செய்த பிரெஞ்சு நடிகர் பெல்மோந்தோ 2021 செப்டம்பரில் 88 வயதில் இறந்தபோது படித்த அஞ்சலிகளிலும் இதே வரியைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதனால் இந்தச் சொல்லைப் பற்றி எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

சினிமாவில் ஸ்டண்ட் செய்பவருக்குப் பிரெஞ்சில் சொல் 'கஸ்கதர்'. இத்தாலிய மொழியில் 'காஸ்காரே' என்றால் விழுவது. அதிலிருந்து அருவியைக் குறிக்கும் 'கஸ்காத்' பிரெஞ்சுக்கு வந்தது, அதிலிருந்து கஸ்கதர். சர்க்கஸில் வேண்டுமென்றே விழுந்து புரண்டு வித்தை காட்டுகிறவருக்கு இருந்த பெயர், பிறகு சினிமாவில் குதிப்பவர், தொங்குபவர், காரை உருட்டுபவர் எல்லாருக்கும் ஆனது. (எந்திர மொழிபெயர்ப்பு ஒன்றில் 'அருவிக் கலைஞர்' என்றே பார்த்திருக்கிறேன். அதில்கூட விழுவது இருக்கிறது!) சொல்லின் உயிர் விழுவதில் இருக்கிறது, அடிப்பதில் இல்லை.

பிறகு 'சண்டை' எங்கிருந்து வந்தது? நம் படங்களின் தலைப்பு அட்டையிலிருந்துதான். 'சண்டைப் பயிற்சி' என்று மாஸ்டர் பெயரைப் போடும் வழக்கம் நமக்குப் பழகிப்போனது. நம் படங்களில் மாடியிலிருந்து விழுபவரும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்பவரும் பெரும்பாலும் ஒரு சண்டைக்கு நடுவில்தான் அதைச் செய்கிறார்கள், அடி வாங்கித்தான் விழுகிறார்கள். அந்த இடத்தில் அந்தப் பெயர் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஊரார் சினிமாமேல் ஒட்டும்போதுதான் கோளாறு. பிரெஞ்சுச் சொல்லை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆங்கில 'ஸ்டண்ட்' வழியாகப் போய், அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்து, அங்கே தொங்கும் பலகையில் எழுதியிருப்பதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பெல்மோந்தோவுக்குச் சண்டை போடத் தெரியாது என்று சொல்லவில்லை. 1933இல் பாரிஸை ஒட்டிய நெய்யியில், சிற்பி போல் பெல்மோந்தோவின் மகனாகப் பிறந்தவர், இளம் வயதில் குத்துச்சண்டைக் களத்திலேயே இறங்கியவர். பாரிஸ் நாடகக் கல்விக்கழகத்தில் படித்து முடித்த 1956இல் நடுவர்கள் அவருக்கு முதல் பரிசு தராதபோது, கூடப் படித்தவர்கள் தோளில் தூக்கிக்கொள்ள, நடுவர்களைப் பார்த்துக் கையை மடக்கி ஒரு கெட்ட சைகை காட்டிவிட்டுப் போனவர். நான்கே ஆண்டில் இயக்குநர் கொதாரின் 'ஆ பூ த சூஃபிள்' வெளியானது, அந்த நசுங்கிய மூக்கும் தடித்த உதடும் உலகம் பூராவும் தெரிந்துவிட்டன. அடுத்த ஆண்டே இயக்குநர் மெல்வில் படத்தில் பாதிரியார் வேடம். சண்டைக்கார ஆள்தான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் மக்கள் அவரைப் 'பெபெல்' என்று செல்லமாகக் கூப்பிட்டுக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது குத்துக்காக மட்டும் இல்லை. 1964இல் வந்த 'லோம் த ரியோ' படத்தில், பிரேசிலில் கட்டி முடிக்காத பிரசீலியா நகரத்துக்குள் ஓடி ஏறி இறங்குவது, 'பெர் சுர் லா வில்'லில் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு வருவது, இதெல்லாம் எதிராளியே இல்லாத வேலை. எதிரில் இருப்பது உயரம்.

இதே பெயரை ரெமி ஜூலியனுக்கு வைத்துப் பாருங்கள். மோட்டோகிராஸ் பந்தயக்காரராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். பெல்மோந்தோ படங்களுக்கும் சில ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கும் கார் வித்தைகளை அமைத்தவர். 1971இல் ஏதென்ஸ் தெருக்களில் எடுத்த கார் துரத்தல் அவர் கைவரிசை. பிரெஞ்சுக்காரர்களுக்கு கஸ்கதர் என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர்களில் ஒன்று. நம் கையேட்டுக்காரர்கள் கணக்கில் அவரும் 'சண்டைக் கலைஞர்'. ஸ்டியரிங்கோடா சண்டை போட்டார்?

மாற்றாகச் சொல்லப்படுபவை இன்னும் மோசம். 'சாகசக் கலைஞர்' என்கிறார்கள். காதுக்குப் பரவாயில்லை, ஆனால் "பைக் சாகசத்தில் ஈடுபட்ட இளைஞர்கள் கைது" என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டன. 'துணிகரக் கலைஞர்' என்றார் ஒரு தனித்தமிழ் நண்பர். ஐயா, துணிகரம் என்ற சொல்லைப் பட்டப்பகலில் நகைக்கடையில் புகுந்தவர்களுக்கு நாம் எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று.

அவரே பிறகு ஒரு நாள், மூலத்தில் விழுவது இருக்கிறது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 'வீழுநர்' என்று ஒரு சொல்லோடு வந்தார். இலக்கணம் சுத்தம், மறுக்க முடியாது. ஆனால் "வீழுநர் வீழப் படுவார்க்கு" என்று குறள் 1193இல் அது ஏற்கெனவே இருக்கிறது, அங்கே வீழுநர் என்றால் காதலிப்பவர். சொன்னதும் நண்பர் முகம் விழுந்துவிட்டது. பிரெஞ்சிலும் காதலில் 'விழ'த்தான் செய்கிறார்கள், திரையில் பெல்மோந்தோ இரண்டு விதமாகவும் விழுந்தவர் என்று ஆறுதல் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. தூய்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்பவர் மனதில் வேறு படம் ஓடும் என்றால் அந்தத் தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் ஓட்டு 'கரணக்காரர்' என்பதற்கு. கரணம் போடுவது யாருக்கும் விளக்க வேண்டாத வேலை, மூன்று வயதுக் குழந்தை குட்டிக்கரணம் போடும். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்க, கீழே மேளம் தட்டுகிறார்களே, அந்தத் தொழிலின் வாசனை முழுக்க அதில் இருக்கிறது. விழுவதும் அதில் உண்டு, விழத் தெரிந்து விழுவதும் உண்டு. 'கரணம் தப்பினால் மரணம்' என்பதைப் பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், கஸ்கதர்களுக்கு அது தொழில் விவரம். 1966இல் கில் தெலமார் என்ற பேர்பெற்ற பிரெஞ்சுக் கரணக்காரர், நடிகர் ழான் மரேவுக்குப் பதிலாகக் காரில் ஒரு வித்தை செய்யப்போய்ப் படப்பிடிப்பிலேயே இறந்தார். கரணம் வடமொழி என்று நண்பர் சொல்வார், ஒத்துக்கொள்கிறேன். பழைய ஆட்கள் சிலருக்குக் கிராமக் கணக்கர் கர்ணமும் நினைவுக்கு வரலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 'சண்டை'யைவிட இந்தக் குழப்பம் தேவலை.

இன்னொரு சொல் மிச்சம் இருக்கிறது. நடிகருக்குப் பதிலாக நிற்பவரைப் பிரெஞ்சில் 'தூப்லுர்' என்பார்கள். கோட்டின் உள்பக்கம் தைக்கிற லைனிங் துணிக்கும் அதே பெயர். வெளியே தெரியாது, ஆனால் கோட்டு நிற்பதே அதனால்தான். நாம் 'டூப்' என்கிறோம், 'டூப் விடாதே' என்று பொய் சொல்பவனையும் திட்டுகிறோம். அதனால்தானோ என்னவோ கையேட்டில் 'போலி நடிகர்' என்று போட்டுவிட்டார்கள். உயிரைக் கொடுத்து விழுகிறவர் போலியாம், முகத்தை மட்டும் காட்டுகிறவர் அசலாம். 'மாற்றாள்' என்று ஒரு நல்ல சொல் கையில் இருக்கும்போது இது எதற்கு?

இதே கையேடு பெல்மோந்தோ 'சீசர் விருது பெற்றவர்' என்றும் சொல்கிறது. இயக்குநர் லெலூஷின் படத்துக்காக 1989இல் அந்தப் பிரெஞ்சுத் திரைப்பட விருதை, செஸாரை, அறிவித்தார்கள், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விருதுச் சிலையைச் செய்த சிற்பி செஸார் தன் அப்பாவின் சிற்பங்களைக் குறைத்துப் பேசியதில் அவருக்குக் கோபம். தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

1985இல் ஒரு படப்பிடிப்பில் அடிபட்ட பிறகு, ஐம்பதைத் தாண்டிய பெல்மோந்தோ கரணங்களை விட்டுவிட்டு நாடக மேடைக்குத் திரும்பினார். அதற்கு முன், 1977இல், 'லானிமால்' என்று ஒரு நகைச்சுவைப் படம். அதில் அவருக்கு இரட்டை வேடம்: ஒரு சினிமா நட்சத்திரம், அந்த நட்சத்திரத்துக்காக விழுந்து எழும் மாற்றாள். மாற்றாளே வேண்டாம் என்றவர் தனக்குத் தானே மாற்றாளாக வருகிறார். விழாவில் அதையும் திரையிடுகிறார்களாம், வசனம் தமிழில் ஓடுமாம். "போலி நடிகராக இருக்கும் சண்டைக் கலைஞர்" என்று ஒரு வரி வந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை.