அந்தப் பாட்டிலில் முன்பு என்ன இருந்தது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனைக்கு, மூன்று வயதுச் சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆசிரியை ஓடிவந்தார். சிறுவனின் உதடுகள் வெளுத்து வீங்கியிருந்தன. விழுங்க முடியாத எச்சில் தாயின் புடவையில் வழிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பாட்டி, "உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்து ரெண்டு தடவை வாந்தி எடுக்க வச்சிட்டோம் டாக்டரம்மா, எல்லாம் வெளிய வந்துடுச்சு" என்றார். அதுவரை நிதானமாக இருந்த எனக்கு, அதைக் கேட்டபிறகுதான் பயம் பிடித்தது.

அலட்சியமான குடும்பம் என்று அவர்களைச் சொல்லவே முடியாது. அந்த ஆசிரியை, 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்பவர். மீன் வாங்கக்கூடத் தூக்குவாளிதான். மூத்த மகளின் பள்ளியில், பயன்படாத பொருளைக் கொண்டு பயனுள்ள பொருள் ஒன்றைச் செய்துவரும்படி வெள்ளிக்கிழமை மாலை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். (பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் துணி துவைக்கவும் இருக்கிறது என்பது பள்ளிகளுக்கு எப்போது தெரியவருமோ, எனக்குத் தெரியாது.) ஏழு வயதுப் பெண் வீடு முழுவதும் சுற்றிப் பழைய பாட்டில்களைத் திரட்டிக்கொண்டு வந்து கூடத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறாள். மொட்டைமாடிக் குழாயடியில் இருந்த மாம்பழச்சாறு பாட்டிலும் அவற்றில் ஒன்று. அதில் கால் பங்கு மிச்சமிருந்தது, தெருவில் வண்டியில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுக்கும் கழிவறை ஆசிட். தாய் ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டிப் பேனா வைக்கும் கூடு செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், அவருக்கு இரண்டடி தள்ளி, சிறுவன் ஒரு மடக்கு குடித்துவிட்டான்.

முதலுதவி செய்து, மூச்சுப்பாதையைப் பார்த்துக்கொண்டு, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரிக்கு அனுப்பிவைத்தோம். அவன் இப்போது கஞ்சி குடிக்கிறான். ஆனால் ஆசிட் பட்ட உணவுக்குழாய் ஆறும்போது தழும்பு சுருங்கிப் பாதை குறுகுமா என்பது மூன்று வாரங்கள் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். குறுகினால், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுத்து விரிவுபடுத்த வேண்டியிருக்கும். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த முதல் குழந்தை அவன் அல்லன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தாய் அழுதுகொண்டே என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் அதுமேல ஆசிட்னு பெருசா எழுதி ஒட்டியிருந்தேன் டாக்டர்." எழுதியிருந்தார், உண்மைதான், பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்ததால் நானும் பார்த்தேன். சிவப்பு மையில், மண்டையோட்டுப் படம் வரைந்து, மேலே ஒட்டுநாடாவும் போட்டிருந்தார். படிக்கத் தெரிந்த எவரையும் அது தடுத்திருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டிலின் வடிவமும் மூடியின் நிறமும் உள்ளே தெரியும் மஞ்சள் திரவமும்தான் எழுத்து. அவனுக்குத் தெரிந்த அகராதியில் அந்த உருவத்துக்குப் பொருள் 'மாம்பழச்சாறு'. போன வாரம் அதே வடிவப் பாட்டிலிலிருந்து நீங்கள்தான் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தீர்கள். அதற்கு நாம் புதுவேலை கொடுத்துவிட்டோம் என்பது நம் மனத்தில் மட்டும் நிகழ்ந்த மாற்றம். குழந்தையைப் பொறுத்தவரை அது பழைய வேலையிலேயே இருக்கிறது.

"நாற்றம் அடித்தால் துப்பிவிடமாட்டானா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துப்புவான், முதல் மடக்கு வாய்க்குள் போன பிறகு. விளையாடிவிட்டுத் தாகத்தோடு வரும் பிள்ளை முகர்ந்து பார்த்துக் குடிப்பதில்லை. "உயரத்தில்தான் வைத்திருந்தோம்" என்பார்கள் வேறு சிலர். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த வயதில்தான் இவை பெரும்பாலும் நடக்கின்றன. "எங்கள் காலத்தில் மண்ணெண்ணெயைப் பாட்டிலில்தானே வைத்திருந்தோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு நான் பணிவோடு சொல்ல வேண்டியது, ஆயிற்று என்பதுதான். மண்ணெண்ணெய் குடித்து நுரையீரல் அழற்சியோடு வந்த குழந்தைகளைப் பார்க்காத குழந்தை மருத்துவர் என் தலைமுறையில் இருக்க முடியாது. பிழைத்தவர்கள்தாம் கதை சொல்ல இருக்கிறார்கள்.

எனவே, உண்ணும் பொருளோ பருகும் பொருளோ வந்த எந்தக் கலத்திலும் ஆசிட், பினாயில், தின்னர், டர்பன்டைன், கொசு எண்ணெய், பூச்சிமருந்து ஆகிய எதையும் ஊற்றாதீர்கள். எழுதி ஒட்டினாலும் ஊற்றாதீர்கள், ஒரே ஒரு நாளைக்கு என்றாலும் ஊற்றாதீர்கள். சூழலுக்காகப் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. துப்புரவுப் பொருளை அது வந்த புட்டியிலேயே மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள், அதுவும் மறுபயன்பாடுதான்.

இப்போது அந்த வாந்திக்கு வருகிறேன். நஞ்சு உள்ளே போனால் வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறதோ, அவ்வளவு தீங்கானது. ஆசிட் தொண்டையில் இறங்கும்போது ஒருமுறை சுடும். வாந்தியாக ஏறும்போது அதே இடத்தை இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெயும் தின்னரும் வயிற்றில் இருக்கும்வரை செய்யும் கேட்டைவிட, வாந்தியின்போது மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரலில் செய்யும் கேடு பெரிது. உப்புக் கரைசல் தனியே குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடியது. புளிக்கரைசலோ, சோடா மாவோ, எலுமிச்சைச் சாறோ எதையும் 'முறிக்க' வேண்டாம். விரலைத் தொண்டைக்குள் விட வேண்டவே வேண்டாம். வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்யுங்கள், நனைந்த உடையைக் கழற்றித் தோலை நிறையத் தண்ணீரால் கழுவுங்கள், அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள், அல்லது 108 ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அதைக் குளிர்பதனப்பெட்டிக் கதவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் கதைக்கு நேர் எதிரான இன்னொன்றும் நம் ஊரில் உண்டு. சிப்காட் வளாகத்தை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் கடலூரில், வேதிப்பொருள் வந்த நீல நிற 200 லிட்டர் டிரம்முக்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் நாள்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் தவித்தவர்கள், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போட்டுக்கொண்டதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதில் குழந்தையைக் குளிப்பாட்டவும் அரிசி களையவும் தண்ணீர் பிடித்து வைப்பவர்களிடம் கேட்டால், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறது, நல்ல பிளாஸ்டிக் என்று படித்தோம்." அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கிறது. 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன், பால் கேன்கள் செய்யும் அதே வகை, அதில் ஐயமில்லை. அந்த டிரம்மில் முன்பு பால் வந்ததா, பூச்சிமருந்தின் மூலப்பொருள் வந்ததா என்பதை அது சொல்லாது. தின்னர் போன்ற கரிமக் கரைப்பான்கள் இந்தப் பிளாஸ்டிக்கின் சுவருக்குள் ஊறி, சோப்புப் போட்டுப் பத்து முறை தேய்த்தாலும் போகாமல், பிறகு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். வாடை போய்விட்டது என்பது, உங்கள் மூக்குக்குப் பழகிவிட்டது என்றுகூட இருக்கலாம்.

அந்த டிரம்மைப் பாதியாக அறுத்துத் தாமரைத் தொட்டி செய்வது இப்போது எங்கள் தெருவரை வந்துவிட்டது. எரியக்கூடிய ஆவி உள்ளே தங்கிய டிரம் அறுக்கும் பட்டறையிலேயே வெடிக்கும் என்பது ஒருபுறம் இருக்க, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அரையடித் தண்ணீருள்ள தொட்டியே போதும். தலை கனத்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. தொட்டி வேண்டுமானால் மேலே இரும்பு வலை போடுங்கள். பூச்சிமருந்து டப்பாக்களைப் பற்றி, குறிப்பாகப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களிடம், ஒரே சொல்: மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத டப்பா எப்படியோ யாருடைய வீட்டுக்காவது போய்ச் சேர்கிறது.

கைவினைப் பொருள்களில் எனக்கு அச்சம் தருவது, கண்ணாடி பாட்டிலுக்குள் மினுமினுக்கும் சரவிளக்குதான். அந்தத் தக்கை மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று பொத்தான் பேட்டரிகள் இருக்கும், திருகாணி இருக்காது. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே சதையைப் புண்ணாக்கிவிடும். தேய்ந்துபோன பேட்டரியும் செய்யும். விழுங்கியதாக ஐயம் வந்தாலே உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 'மலத்தில் வந்துவிடும்' என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதைக் கடந்த குழந்தையானால், வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். ஆனால் தேன் வாங்குவதற்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.

பழைய குண்டு பல்புக்குள் செடி வளர்ப்பது அழகுதான், கையை அறுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். சிஎஃப்எல் விளக்கையும் குழல்விளக்கையும் மட்டும் உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. புதுச்சேரியில் பழைய வீடுகளை இடிக்கும்போது விலைக்கு வரும் மரச் சன்னல்களை வாங்கிப் படச்சட்டமாக்குபவர்கள், பல அடுக்கு வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அந்தச் சன்னலின் வயது அதைவிடக் கூட. டயர் தொட்டிகளில் தேங்கும் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடலாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், நான் எழுதியது வீண். துணியில் இந்த நஞ்சுப் பயம் இல்லை. பருத்திப் புடவையில் தூளி, பழைய வேட்டியில் அணையாடை, மிஞ்சிய துண்டுகளில் மிதியடி, கிழிந்த ஜீன்ஸில் பள்ளிக்கான பை. நேரமே இல்லாத தாய் தந்தையரும் ஞாயிறு ஒரு மணி நேரத்தில் தைத்துவிடக்கூடியவை. கொட்டாங்குச்சியில் கரண்டியும் விதை நாற்றும், அட்டைப்பெட்டியில் பொம்மை வீடும், காலண்டர்த் தாளில் புத்தக அட்டையும் செய்யுங்கள். குழந்தையைக் கூட வைத்துக்கொண்டு செய்யும் நாளில் மட்டும், பொருள்களைத் திரட்டும் வேலையை அதனிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதில் முன்பு என்ன இருந்தது என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அது குப்பைக்குப் போகட்டும். தயவுசெய்து.

சென்ற வாரம் எங்கள் தெருவில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வந்த மொபெட் வண்டிக்காரரை நிறுத்தி, குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாமா என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாட்டில் நீங்கதானேம்மா குடுக்கறீங்க, நான் ஊத்தறவன்" என்று சொல்லி, பின்னால் கட்டியிருந்த பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். அடுத்த தெருவில் கொடுக்க வேண்டிய பாட்டில்கள் நிரம்பி நின்றன: இரண்டு ஆரஞ்சு பானம், ஒரு மாம்பழச்சாறு, நான்கைந்து தண்ணீர் பாட்டில்கள், ஓரத்தில், மூடியில் உறிஞ்சுகுழல் வைத்து யானைப் படம் போட்ட, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பாட்டில் ஒன்று.