புலி ஏன் வாலை நீட்டுகிறது?

மயக்க ஊசி போடாமலே புலியின் வாலிலிருந்து இரத்தம் எடுக்கும் காணொளி ஒன்றைப் பார்த்த வாசகர், "அதற்கு முன்பே ஏதாவது கொடுத்திருப்பார்களா?" என்று கேட்டிருக்கிறார். கொடுத்துத்தான் இருப்பார்கள், இறைச்சியை. எந்த நொடியில் கொடுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

உயிரியல் பூங்காக் காப்பாளரின் நாள் பெரும்பாலும் கூண்டு கழுவுவதிலும் தீனி வைப்பதிலும் சாணத்தைப் பார்த்து வயிற்றுக் கோளாறை ஊகிப்பதிலும் போகிறது. விலங்கைத் தானாக ஒத்துழைக்க வைப்பது வேறு வகைத் திறமை. மயக்க மருந்தில் ஆபத்து உண்டு. ஒட்டகச்சிவிங்கிக்கு அது உயிருக்கே வினையாகலாம். சில மயக்க மருந்துகள் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடுவதால் பரிசோதனை முடிவும் கெடும்.

எனவே காப்பாளர் முதலில் விசிலை ஊதி உடனே இறைச்சி தருகிறார். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் விசிலுக்கே மதிப்பு வந்துவிடும். இது பாவ்லோவின் நாய்க் கதைதான், பள்ளியிலேயே படித்திருப்போம். அடுத்து, நுனியில் பந்து பொருத்திய கோலைக் கம்பியருகே நீட்டுகிறார். புலியின் மூக்கு பந்தில் பட்ட கணத்தில் விசில், பிறகு இறைச்சி.

நேராக இறைச்சியையே கொடுத்தால் என்ன? இடுக்கியில் எடுத்து நீட்டுவதற்குள் இரண்டு மூன்று விநாடி ஓடிவிடும். அதற்குள் புலி தலையைத் திருப்பியிருக்கும், காலை மாற்றி வைத்திருக்கும், ஒருமுறை உறுமியும் இருக்கும். கூலி உறுமலுக்குத்தான் என்று அது எடுத்துக்கொண்டால், நாளை இன்னும் நன்றாக உறுமும். 1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானியம் விழும்படி வைத்தார். ஒரு புறா கூண்டுக்குள் வட்டமடித்தது. இன்னொன்று தலையை ஒரு மூலையில் திணித்தது. தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே காரணமாகப் பிடித்துக்கொண்டன என்றார் அவர். அந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் ராசியான பேனாவோடு தேர்வெழுதப் போகிறவர்கள் அந்தப் புறாக்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

விசில் அந்த இரண்டு விநாடி இடைவெளியை அடைக்கிறது. மூளைக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. சாறுக்கு முன் ஓர் அறிகுறி வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு அந்த அறிகுறிக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்தபோது சலனமே இல்லை. அறிகுறி காட்டிவிட்டுச் சாறைத் தராமல் விட்டாலோ, அது வர வேண்டிய நேரத்தில் நரம்பணுக்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. விசில் ஊதிவிட்டு இறைச்சி தராத காப்பாளர் மேல் புலியின் மூளை என்ன கணக்கு எழுதும் என்று நினைத்துப் பாருங்கள். தவறி ஊதினாலும் கூலி தர வேண்டும் என்பது பயிற்சியாளர்களிடையே ஊறிய வழக்கம்.

மற்றதெல்லாம் பொறுமை. புலி கம்பியோரம் படுக்க வேண்டும், வால் இடுக்கு வழியே வெளியே வர வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் இறைச்சியோடு, மற்றவர் வால்பக்கம். முதலில் தொடுதல், பிறகு நனைத்த பஞ்சு, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சின் அழுத்தம், கடைசியில்தான் நிஜ ஊசி. காது பின்னால் மடிவதையும் வால்நுனி சுண்டுவதையும் கவனித்து, புலி எழும் முன்பே நிறுத்தத் தெரிய வேண்டும். அது வாலை இழுத்தால் விட்டுவிட வேண்டும். ஒருமுறை இறுக்கிப் பிடித்தால் பல வார உழைப்பு வீண். புலியைக் கண்ணால் கட்டிப்போடும் வசியம் என்று யாராவது கதைவிட்டால் நம்பாதீர்கள்.

இதே முறையில் கொரில்லாக்கள் வலைக்கம்பியில் மார்பைச் சாய்த்து, விழித்தபடியே இதய ஸ்கேனுக்கு ஒத்துழைக்கின்றன. கூண்டில் வளரும் கொரில்லாக்களின் இறப்புக்கு இதயநோய் ஒரு பெரிய காரணம். அதனால் அந்த ஸ்கேன்கள் அறிவியலுக்குக் கிடைக்கும் அரிய தரவு. புதிய அடைப்பிடம் கட்ட எளிதில் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்தத் தரவைச் சாத்தியமாக்கும் காப்பாளரின் பயிற்சிக்குக் கேட்டால் மட்டும் கையை விரிப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.